லாரிப் பட்டையில் ரோட்டவேட்டர் பிளேடு: எந்த வேகத்தில் ஆறவிட்டால் பெயினைட் கிடைக்கும்?

குடந்தை பட்டறை:

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. அப்பா காலத்தில் அரிவாள், மண்வெட்டி, கொழு என்று ஓடியது. இப்போது வேலையில் பாதிக்கு மேல் ரோட்டவேட்டர் பிளேடுதான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி, வெட்டி, உலையில் காய்ச்சி வளைத்து, துளை போட்டுக் கொடுக்கிறோம். பிடிப்பகுதி 8 மி.மீ. கனம், வெட்டு முனைப் பக்கம் அடித்து மெலிந்து 4 மி.மீ. இருக்கும்.

சிக்கல் தோய்ச்சலில்தான். எண்ணெயில் தோய்த்துக் கொடுத்தால் சேற்று உழவில் நன்றாக உழைக்கிறது, ஆனால் கோடை உழவில் களிமண் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும்போது ஒரு செங்கல் துண்டோ தென்னை வேரோ பட்டால் பட்டென்று முறிகிறது. தோய்க்காமல் காற்றில் ஆறவிட்டால் முறிவதே இல்லை, ஆனால் வளைகிறது, குறுவை நடவு முடிவதற்குள் முனை தேய்ந்து மொட்டையாகிவிடுகிறது. கொள்ளிடக்கரைப் பக்கம் மணல் கலந்த வயல்களில் இன்னும் மோசம்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி மகன், இரண்டுக்கும் நடுவே எஃகுக்குள் பெயினைட் என்று ஒரு உள்ளமைப்பு இருக்கிறது, பலமும் இருக்கும், முறியாது என்கிறான். அவன் காட்டிய ஒரு கிராஃபில் குளிர்வு வேகம் கூடக்கூடப் பெயினைட் எஃகின் பலமும் ஏறிக்கொண்டே போகிறது. அது 0.1 சதவீதம் கார்பன் உள்ள எஃகு. என் கேள்வி இதுதான்: பட்டையை ஃபேன் காற்றில் வைத்தோ, சாம்பலில் புதைத்தோ, சூடான மணலில் போட்டோ அந்த நடு வேகத்தைப் பிடிக்க முடியுமா? ஒரு விநாடிக்கு எத்தனை டிகிரி குறைய வேண்டும்? மேட்டூர் திறந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும்.

திருச்சி மெட்டலர்ஜி:

அண்ணா, அந்த கிராஃப் பொய்யில்லை, ஆனால் உங்கள் பட்டைக்குப் பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் ஆராய்ச்சி செய்வதும் இதே பகுதியில்தான்.

குளிர்வு வேகம் தானாகப் பலத்தைத் தருவதில்லை. வேகமாகக் குளிர்ந்தால் ஆஸ்டினைட் (சிவக்கக் காய்ச்சிய எஃகின் உள்ளமைப்பு) இன்னும் கீழான வெப்பநிலையில் உருமாறுகிறது, அவ்வளவுதான். கீழே போகப்போக உருமாற்றத்துக்கான உந்துதல் கூடும், ஆஸ்டினைட்டும் வலுவாக இருக்கும், அதனால் உருவாகும் ஃபெரைட் (கார்பன் மிகக் குறைந்த இரும்பு) தட்டுகள் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் அமையும், உள்ளே டிஸ்லொகேஷன்கள் எனும் அணு வரிசைப் பிசகுகளும் அதிகம் தங்கும். பலம் வருவது இங்கிருந்து. ஆகவே உருமாற்றம் எந்த வெப்பநிலையில் நடந்தது என்பதே முக்கியம்; வேகம் அந்த வெப்பநிலைக்குக் கொண்டு போகும் வழி. 1930-இல் டேவன்போர்ட்டும் பெயினும் இந்த அமைப்பைப் பார்த்ததும்கூட விதவிதமான வேகத்தில் ஆறவிட்டு அல்ல, சிறு துண்டுகளைச் சூடான குளியலில் சட்டென்று இறக்கி ஒரே வெப்பநிலையில் நிறுத்தி வைத்துத்தான். நாலு வருடம் கழித்து உடன் வேலை செய்தவர்கள்தான் பெயினின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இப்போது அந்த 0.1 சதவீதக் கார்பன் எஃகு. அதில் அரை சதவீதம் மாலிப்டினம், ரொம்பக் கொஞ்சம் போரான் மாதிரி சேர்த்திருப்பார்கள். இந்தச் சேர்க்கைகள் ஃபெரைட்டும் பியர்லைட்டும் (மெதுவாக ஆறும்போது வரும் இளக்கமான அமைப்பு) உருவாவதைத் தள்ளிப்போட்டுவிடும், பெயினைட்டை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் காற்றில் ஆறவிட்டாலே, அதுவும் அகலமான ஒரு வேக எல்லைக்குள், பெயினைட் வரும். மெதுவாக ஆறினால் கிரானுலர் பெயினைட் என்று சொல்வார்கள்: தட்டுகள் தடித்துத் தெளிவில்லாமல் இருக்கும், நடுநடுவே மார்ட்டன்சைட்டும் (சட்டென்று குளிரும்போது வரும், கெட்டியான ஆனால் உடையும் அமைப்பு) மிச்ச ஆஸ்டினைட்டும் கலந்த தீவுகள் கிடக்கும். அந்தத் தீவுகள் பெரிதாக இருந்தால் அடி விழும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். வேகத்தைக் கூட்டினால் தீவுகள் சின்னதாகி, தட்டுகள் 0.2 மைக்ரான் அளவுக்கு மெலிந்து பலமும் அடிதாங்கும் திறனும் சேர்ந்தே ஏறும். இன்னும் கூட்டினால் மார்ட்டன்சைட் கலக்க ஆரம்பித்துவிடும். உங்கள் தம்பி மகன் காட்டியது இந்தக் கதை.

லாரிப் பட்டை வேறு சாதி. அது இ.என்.45 என்ற ஸ்பிரிங் எஃகு என்றால் கார்பன் 0.5 முதல் 0.6, சிலிக்கான் 1.5 முதல் 2, மாங்கனீஸ் 0.7 முதல் 1 சதவீதம். மாலிப்டினம் இல்லை. 8 மி.மீ. பட்டை அசையாத காற்றில் ஆறும்போது சிவப்பு நிலையில் விநாடிக்கு 2 டிகிரி அளவில்தான் குறையும், 4 மி.மீ. முனை அதைப்போல இரண்டு மடங்கு. இந்த வேகத்தில் 600 டிகிரிக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் பியர்லைட்டாக மாறி முடிந்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் வளைவும் தேய்மானமும் அதனால்தான். ஃபேன் வைத்து வேகத்தைக் கூட்டினால் பியர்லைட் கொஞ்சம் நுண்ணியதாகும். இன்னும் கூட்டினால் பியர்லைட்டோடு மார்ட்டன்சைட் கலந்து ஒரு திட்டு கெட்டி ஒரு திட்டு இளக்கம் என்று வரும். நடுவில் சுத்தமான பெயினைட் தருகிற ஒரு வேகம் இந்த எஃகில் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் இன்னும் மெதுவாக்கும், அது கடைசலுக்கு இளக்கத்தான் உதவும்.

ஆக, இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். பியர்லைட் வரும் இடத்தை வேகமாகத் தாண்டணும், அப்புறம் மார்ட்டன்சைட் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திப் பிடிக்கணும். மார்ட்டன்சைட் எங்கே தொடங்கும் என்பதற்கு ஆண்ட்ரூஸ் சூத்திரம் இருக்கிறது: 539-இலிருந்து கார்பன் சதவீதத்தை 423-ஆலும் மாங்கனீஸை 30.4-ஆலும் பெருக்கிக் கழியுங்கள். 0.55 கார்பன், 0.85 மாங்கனீஸுக்கு ஏறக்குறைய 280 டிகிரி வருகிறது. அப்படியானால் 310, 320 டிகிரியில் பிடித்து வைக்கலாம். இதற்கு ஆஸ்டெம்பரிங் என்று பெயர்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்த 1.5 சதவீதத்துக்கு மேலான சிலிக்கான், சிமென்டைட் என்ற இரும்பு-கார்பன் சேர்மம் உருவாவதைத் தடுக்கும், ஏனென்றால் சிமென்டைட்டுக்குள் சிலிக்கான் கரையாது. சாதாரண மேல் பெயினைட்டில் (கூடுதல் வெப்பநிலையில் உருவாகும் வகை) தட்டுகளுக்கு இடையே சிமென்டைட் வரிவரியாக உட்கார்ந்து முறிவுக்கு வழி செய்யும். உங்கள் பட்டையில் அதற்குப் பதிலாக வெளியேறும் கார்பன் பக்கத்து ஆஸ்டினைட்டுக்குள் போய், அது மெல்லிய ஏடாக அறை வெப்பநிலையிலும் நிலைத்து நிற்கும். கேம்பிரிட்ஜில் பதேஷியாவும் கூட்டாளிகளும் இதே சிலிக்கான் தந்திரத்தை 0.8 முதல் 1 சதவீதம் கார்பன் எஃகில் எல்லை வரை கொண்டு போனார்கள்: 200 டிகிரியில் 10 நாள் வரை வைத்து, 20 முதல் 40 நானோமீட்டர் தட்டுகள், இழுபலம் 2.5 ஜிகாபாஸ்கல் வரை. அங்கே விநாடிக்கு எத்தனை டிகிரி என்ற பேச்சே இல்லை, பொறுமைதான்.

துவாக்குடி ஹீட் ட்ரீட்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் சால்ட் பாத்தில் (உருகிய உப்புத் தொட்டியில் தோய்க்கும் இடம்) வேலை பார்ப்பவன், அதனால் கைப்பழக்கத்தில் வருவதைச் சேர்க்கிறேன்.

முதலில் உங்கள் பட்டை இ.என்.45 தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். லாரிப் பட்டை என்று கடையில் ஒரே குவியலாகக் கிடக்கும், அதில் எஸ்.யு.பி.9 இருக்கும், 50 சி.ஆர்.வி.4 இருக்கும். அவற்றில் குரோமியம் உண்டு, சிலிக்கான் 0.3 அளவில்தான். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டு வெட்டி, சேர்மானம் பார்க்கும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் கொடுங்கள், துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் செய்து தருகிறார்கள், செலவு பெரிதில்லை. கலந்த பட்டையை ஒரே தொட்டியில் ஒரே நேரம் போட்டால் ஒன்று முடிந்திருக்கும், ஒன்று பாதியில் நிற்கும். அதோடு பழைய பட்டையில் ஏற்கெனவே களைப்பு விரிசல் இருக்கலாம், நடு போல்ட் துளைப் பக்கத்தையும் கிளிப் உரசிய இடத்தையும் வெட்டித் தள்ளிவிடுங்கள். எந்தத் தோய்ச்சலும் விரிசலை மூடாது.

உலையில் 860, 870 டிகிரி போதும். ஊதுலையில் கண்பார்வைக்குக் காய்ச்சினால் ஒரு முனை 950 தாண்டிவிடும், எஃகின் உள்மணிகள் (கிரெயின்) பெருத்துவிடும், அதற்கப்புறம் எதில் தோய்த்தாலும் முறியத்தான் செய்யும். சிலிக்கான் எஃகு மேற்பரப்பில் கார்பனை வேகமாக இழக்கும் என்பதால் தேவைக்கு மேல் நேரமும் கொடுக்காதீர்கள். வெப்பநிலை அளக்க ஒரு தெர்மோகப்பிளும் காட்டியும் வாங்குங்கள். பட்டறைக்கு நான் சொல்லும் முதல் செலவு அதுதான், சால்ட் தொட்டி அப்புறம்.

தொட்டியின் அளவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு கிலோ பிளேடு 870-இலிருந்து 320-க்கு வரும்போது 350 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை உப்புக்குள் கொட்டுகிறது. 50 கிலோ உப்பு இருந்தால் ஒரு பிளேடுக்கு ஏறக்குறைய 5 டிகிரி ஏறும். பத்து பிளேடை ஒரே மூச்சில் போட்டால் 320 என்று வைத்தது 370 ஆகிவிடும், பிளேடைச் சுற்றியுள்ள உப்பு அதற்கும் மேலே. கூடுதல் வெப்பநிலையில் நடந்த உருமாற்றம் தடித்த தட்டைத்தான் தரும். உப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் 8 மி.மீ. பகுதியின் நடுப்பாகம் பியர்லைட்டுக்குத் தப்பும். கலக்காத தொட்டியில் முனை நன்றாக வரும், பிடிப்பகுதியின் உள்ளே கறுப்புத் திட்டாகப் பியர்லைட் தெரியும். பிடிப்பகுதி கொஞ்சம் இளக்கமாக இருப்பது பிளேடுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அது நாம் தீர்மானித்து வர வேண்டும், தானாக வரக்கூடாது.

310, 320 டிகிரியில் பிடித்தால் கெட்டித்தனம் 50 ராக்வெல் சி-யை ஒட்டி எதிர்பார்க்கலாம். 400-க்குப் போனால் இளகும்.

குடந்தை பட்டறை:

இரண்டு பேருக்கும் நன்றி, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அந்த உப்பு என்ன உப்பு? பொட்டாசியம் நைட்ரேட் என்று தம்பி மகன் சொன்னான். எங்கள் ஊர் உரக்கடையில் 13:0:45 என்று பை பையாக இருக்கிறது, அதுவும் பொட்டாசியம் நைட்ரேட்தானே? அதை உருக்கினால் ஆகாதா?

துவாக்குடி ஹீட் ட்ரீட்:

வேண்டவே வேண்டாம் அண்ணே. இதை அழுத்திச் சொல்கிறேன்.

பொட்டாசியம் நைட்ரேட் தனியாக 334 டிகிரியில்தான் உருகும், சோடியம் நைட்ரேட் 308-இல். தனியாக வைத்தால் 320-இல் முதலாவது உருகவே உருகாது, இரண்டாவது உருகினாலும் உறையும் நிலைக்கு மிகப் பக்கத்தில் நிற்கும், சரியாக வேலை செய்ய முடியாது. இரண்டும் ஏறக்குறைய சரிபாதி கலந்தால்தான் 220-க்குப் பக்கத்தில் உருகி, 260-க்கு மேல் நல்ல நீர்மையாக ஓடும். ஹீட் ட்ரீட்மென்டுக்கென்றே கலந்து விற்கும் உப்பு அது. உரப்பையில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது, அதைவிடப் பெரிய பயம் உரக்கடையில் பக்கத்துப் பையில் இருக்கும் யூரியாவோ அம்மோனியம் உள்ள உரமோ ஒரு கை விழுந்து கலந்துவிடுவது. உருகிய நைட்ரேட் ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும் பொருள். அதில் கரித்தூள், எண்ணெய், சாக்கு, மரத்தூள் எது விழுந்தாலும் பற்றி எரியும், வெடிக்கவும் செய்யும். உங்கள் பட்டறையில் கரி உலையும் எண்ணெய்த் தொட்டியும் பக்கத்திலேயே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தில் நைட்ரேட் தொட்டி வைக்கவே கூடாது. ஈரமான பிளேடு உள்ளே போனால் நீராவி உப்பை முகத்தில் அடிக்கும். கூரை ஒழுகினாலும் அதே கதை, ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் கூரைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 550-ஐத் தாண்டி உப்பைச் சூடாக்கவும் கூடாது, சிதைய ஆரம்பிக்கும்.

அதனால் என் யோசனை: பிளேடை நீங்கள் அடித்து, துளை போட்டு முடித்து, தோய்ச்சலை மட்டும் சால்ட் பாத் வைத்திருக்கும் இடத்தில் கிலோ கணக்கில் கொடுத்து வாங்குங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கூடவே கொடுத்து, எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம் என்று எழுதியே கேளுங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால் எண்ணெய்த் தோய்ச்சலுக்கு அப்புறம் ஒழுங்காக டெம்பர் செய்யுங்கள் (மறுபடி மிதமாகச் சூடாக்கி உடையும் தன்மையைக் குறைப்பது). இப்போது முறிவதற்குப் பாதிக் காரணம் அது குறைவாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்பிரிங் தொழிற்சாலைகளில் இந்தப் பட்டையை 450 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் டெம்பர் செய்வார்கள். கெட்டித்தனம் பெயினைட்டைவிடக் கொஞ்சம் இறங்கும், தேய்மானம் கூடும், ஆனால் கோடை உழவில் முறியாது. எண்ணெயிலிருந்து எடுத்துக் கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே டெம்பர் உலைக்குள் போக வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்தால் சும்மா கிடக்கும்போதே விரிசல் விடும்.

திருவெறும்பூர் வெல்டர்:

நான் பாய்லர் பைப் வெல்டிங் செய்கிறவன், ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தேன். நம் பக்கம் முனை தேய்ந்த பிளேடில் வெல்டிங் ராடை ஓட்டி மறுபடி உழவுக்கு விடுவது வழக்கம். ஆஸ்டெம்பரிங் செய்த பிளேடில் அதைச் செய்யாதீர்கள். ராடு ஓடிய இடத்துக்குப் பக்கத்தில் எஃகு மறுபடி ஆஸ்டினைட் ஆகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு வெப்பத்தை உறிஞ்சுவதால் எண்ணெயில் தோய்த்ததைவிட வேகமாகக்கூட ஆறும். 0.55 கார்பனில் அது டெம்பர் ஆகாத மார்ட்டன்சைட். அதைத் தாண்டிய பகுதியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெயினைட் சூட்டில் கெட்டுப் போயிருக்கும். முறிவு வெல்டில் வராது, வெல்டுக்குப் பக்கத்தில் வரும்.

வெல்டிங்கில் நாங்கள் 800-இலிருந்து 500-க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். பாய்லரில் 2.25 குரோம் 1 மாலி பைப் ஓட்டும்போது முன்சூடு கொடுப்பதில் அந்த நேரமும் நீளும், ஹைட்ரஜன் வெளியேறவும் வழி கிடைக்கும். அந்த எஃகில் கார்பன் 0.15-க்கு மேல் போகாது, குரோமும் மாலியும் இருப்பதால் காற்றில் ஆறினாலே பெயினைட் வரும், அப்புறம் 700 டிகிரி அளவில் டெம்பர் செய்து ஆசுவாசப்படுத்துவோம். திருச்சி மெட்டலர்ஜி சொன்னதற்கு அதுதான் நேரடி உதாரணம்: அந்தச் சேர்மானத்துக்குக் காற்றே போதும், பட்டைக்குப் போதாது.

குடந்தை பட்டறை:

உப்புத் தொட்டி எண்ணத்தை விட்டுவிட்டேன், வெளியே கொடுத்தே வாங்குகிறேன். முதல் கட்டுக்கு டெஸ்ட் பார்த்தாயிற்று: கார்பன் 0.56, சிலிக்கான் 1.7, மாங்கனீஸ் 0.85. இன்னும் ஒரு கேள்வி மிச்சம். 320 டிகிரியில் எவ்வளவு நேரம்? ஒரு இடத்தில் 15 நிமிடம் போதும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்தால் கெட்டி இன்னும் கூடுதலாக வருகிறதாமே, அது நல்லதுதானே?

திருச்சி மெட்டலர்ஜி:

கூடுதலாக வருவதுதான் அபாய அறிகுறி அண்ணா. சீக்கிரம் எடுத்தால் உருமாறாத ஆஸ்டினைட் பெரிய கட்டிகளாக மிஞ்சியிருக்கும், அதில் கார்பன் இன்னும் போதுமான அளவு சேர்ந்திருக்காது, வெளியே எடுத்து ஆறும்போது அது மார்ட்டன்சைட்டாகிவிடும். டெம்பர் ஆகாத, உடையும் மார்ட்டன்சைட். ராக்வெல் மெஷின் அதைப் பார்த்துப் பெரிய எண்ணைக் காட்டும். அதே காரணத்தால்தான் 400 டிகிரிக்கு ஏற்ற வேண்டாம் என்பதும்: இந்த மாதிரிச் சிலிக்கான் எஃகில் பெயினைட் எந்த வெப்பநிலையிலும் நூறு சதவீதத்துக்கு ஓடி முடிவதில்லை, மிச்ச ஆஸ்டினைட்டில் கார்பன் ஒரு அளவைத் தொட்டதும் நின்றுவிடும். வெப்பநிலை மேலே போகப்போக அது சீக்கிரமே நின்று, கட்டி ஆஸ்டினைட் அதிகம் மிஞ்சும். மெல்லிய ஏடாக இருந்தால் நல்லது, கட்டியாக இருந்தால் முதல் செங்கல் அடியிலேயே மார்ட்டன்சைட்டாக மாறி முறிவுக்கு வழி கொடுத்துவிடும்.

நேரத்தை யார் வாய்ச்சொல்லையும் நம்பி முடிவு செய்யாதீர்கள். அதே கட்டிலிருந்து, அதே 8 மி.மீ. கனத்தில் சின்னத் துண்டுகள் நாலைந்து வெட்டிக் கொடுங்கள். எல்லாம் ஒன்றாக 320-க்குப் போகட்டும், 10, 20, 40, 60 நிமிடத்தில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஆறவிடச் சொல்லுங்கள். மேல் தோலை அரை மி.மீ. அரைத்துவிட்டுக் கெட்டித்தனம் பாருங்கள். முதல் துண்டில் எண் பெரிதாக இருக்கும், அப்புறம் இறங்கும், ஒரு கட்டத்தில் இறங்காமல் நின்றுவிடும். நின்ற இடத்துக்கு மேல் ஒரு பத்து நிமிடம் சேர்த்து அதையே உங்கள் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேர்மானத்துக்கு அது அரை மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே வரும் என்பது என் கணிப்பு, 15 நிமிடத்தை நான் ஏற்க மாட்டேன். அடுத்த கட்டு வேறு பட்டை என்றால் துண்டுகளும் புதிதாக வெட்ட வேண்டும்.

நின்ற இடத்துத் துண்டு ஒன்றை எனக்கும் கொடுத்தனுப்புங்கள், மெருகிட்டு நைட்டாலில் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) அரித்துப் பார்த்து, நடுப்பாகத்தில் பியர்லைட் திட்டு இருக்கிறதா என்று படத்தோடு இங்கேயே போடுகிறேன். முனையிலிருந்து ஒன்று, பிடிப்பகுதியிலிருந்து ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.